கசிவு பூஜ்யம்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது ஐந்துக்கு அவள் கம்ப்யூட்டரைத் திறந்தபோது, முந்தைய இரவில் அறுபத்திரண்டு பேர் தூங்கியிருந்தார்கள். அறுபத்தொரு பேர்தான் தூங்கியிருக்க வேண்டும்.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்குக் காற்று தள்ளும் மெஷின்களை வாடகைக்குக் கொடுக்கும் சின்னக் கம்பெனி அது. டயர் கடைக்கு மேலே முதல் மாடி, மூன்று அறைகள், மொத்தம் ஏழு பேர். படுக்கும்போது நோயாளி ரப்பர் முகமூடியை மூக்கின்மேல் மாட்டிக்கொள்வார். குழாய் வழியாக மெஷின் ராத்திரி முழுக்கக் காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும், தொண்டை அடைக்காது. ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் ஒரு சிம் கார்டு. விடிந்ததும் அது நான்கு எண்களை ஆபீசுக்கு அனுப்பிவிடும். எத்தனை மணி நேரம் மாட்டியிருந்தார், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, எத்தனை தடவை மூச்சு நின்றது, முகமூடி ஓரத்தில் எவ்வளவு காற்று கசிந்தது. அவற்றைப் படித்துவிட்டு, எண் சரியில்லாதவர்களைப் போனில் கூப்பிட்டு விசாரிப்பது அவள் வேலை. ஆபீசில் அவளுக்கு ரிப்போர்ட்டக்கா என்றே பெயர்.

இதற்கு முன் பதினோரு வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். அங்கே அவள் பெயரே பாதிப் பேருக்குத் தெரியாது. இங்கே முதலாளி டாக்டரே சாயங்காலம் எல்லோருக்கும் டீ போட்டுக் கொண்டுவருவார். அந்த டீயைக் குடிப்பதுதான் இந்த வேலையிலேயே ஆபத்தான பகுதி என்பார் மெஷின்களைக் கழுவித் துடைக்கிற தும்மலண்ணன். சோப்புத் தண்ணீர் நெடிக்கு நாள் முழுக்கத் தும்முகிற மனிதர், ஐம்பத்தெட்டு வயது, கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறார். இந்த எட்டு மாதத்தில் அவளுக்கு இந்த இடம் பிடித்துப்போயிருந்தது. நோயாளிகளின் மூச்சு திரையில் பச்சைக் கோடாக ஏறி இறங்கும். கையெழுத்தைப் போல அதுவும் ஆளுக்கு ஆள் வேறு. யாருடைய கோடு எது என்று பெயரை மறைத்துவிட்டுக் கேட்டாலும் சொல்லிவிடுவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கூடுதலாக வந்திருந்தது நாற்பத்தொன்றாம் நம்பர் மெஷின். ஆறு மணி பத்து நிமிடம். நிமிடத்துக்குப் பதினான்கு மூச்சு. நின்றது பூஜ்யம். கசிவு பூஜ்யம்.

நாற்பத்தொன்று ஒரு ரிட்டயர்டு கணக்கு வாத்தியாருடையது. பன்னிரண்டு நாள் முன்னால் ஒரு காலை, இதே நாற்காலியில் உட்கார்ந்து அவருடைய முந்தைய ராத்திரிக் கோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தவள், விடிகாலை மூன்று நாற்பதில் அது நேராகப் போனதைப் பார்த்தாள். ஏழு மணி வரை நேராகவே போயிற்று. அவர் போன பிறகும் மெஷின் மூன்று மணி நேரத்துக்கு மேல் காற்று தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. உடனே அவர் வீட்டுக்குப் போன் போட்டபோது பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது. நான்கு நாள் கழித்து அவருடைய மகன் மெஷினை ஒரு தலையணை உறையில் சுற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ரசீதுகூட வாங்காமல் படியிறங்கிப் போனான்.

அவள் எழுந்து கழுவுகிற அறைக்குப் போனாள். இரண்டாவது தட்டில் இருந்தது நாற்பத்தொன்று. ஒயரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. குழாய் கொக்கியில் தொங்கியது. அதன் நுனியில் முகமூடி, கழுவிக் காய்வதற்காக.

"அண்ணே, இதை ராத்திரி யாராவது ஆன் பண்ணாங்களா?"

"ராத்திரி இங்க யாரும்மா இருக்காங்க? ஒயரே அவுக்கல, பாரு." தும்மலண்ணன் தும்மினார். "ஏன், ஏதாவது எண் வந்திருக்கா?"

"வந்திருக்கு."

அவர் கையிலிருந்த துணியைப் பிழிந்தார். பிழிய வேண்டிய அளவுக்கு மேலும் பிழிந்தார்.

டாக்டர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "பழைய டேட்டா லேட்டா வந்திருக்கும். போஸ்ட் ஆபீஸ் மாதிரிதான் இதுவும். அழிச்சிடுங்க."

அழித்தாள். ஆனால் கசிவு பூஜ்யம் என்பது மனதில் உறுத்தியது. எவ்வளவு இறுக்கி மாட்டினாலும் மனிதன் புரளுவான், வாயைத் திறப்பான், தாடி குத்தும், கொஞ்சம் காற்று போகத்தான் செய்யும். எட்டு மாதத்தில் ஒருவருக்கும் அவள் பூஜ்யம் பார்த்ததில்லை. கொக்கியில் தொங்கும் முகமூடி என்றால் அத்தனை காற்றும் வெளியே போய், கசிவு உச்சத்தில் இருக்க வேண்டும். பூஜ்யம் என்றால் அது ஒரு முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

புதன்கிழமையும் வந்தது. வியாழக்கிழமையும் வந்தது. வியாழக்கிழமை அவள் அழிப்பதற்கு முன்னால் கோட்டைத் திறந்து பார்த்தாள். சின்னச் சின்னதாக ஏழு மூச்சு, எட்டாவதாக நீளமாக ஒன்று, அதன் உச்சியில் ஒரு சின்ன உதறல். மறுபடி ஏழு, மறுபடி ஒன்று. ஏழு படி ஏறி, எட்டாவது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறுகிற மனிதரைப்போல. வாத்தியாருடைய கோடு. பழைய ராத்திரிகளில் எதுவாவது திரும்ப வந்திருக்கலாம் என்று எட்டு மாதத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து ஒப்பிட்டாள். மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. எதனுடனும் பொருந்தவில்லை. இது புதிது. நேற்று ராத்திரி விட்ட மூச்சு.

கணவரிடம் சொன்னாள். "செத்தும் வாடகை கட்டுறாரா, நல்ல மனுஷன்தான்," என்று சிரித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் டிவியை அணைத்தார். "நீ சரியாத் தூங்கி எத்தனை நாளாச்சு?" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றேகால். தும்மலண்ணன் ஒரு நோயாளி வீட்டுக்குப் போயிருந்தார். டாக்டர் தன் அறையில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். கீழே டயர் கடையில் சுத்தியலால் இரும்பு வளையத்தைத் தட்டும் சத்தம், ஜன்னல் வழியாகச் சூடேறிய ரப்பர் வாசனை, வெயிலில் தூசி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது, எல்லாம் என்றைக்கும்போலத்தான். திரையின் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது. ஏதாவது மெஷின் அந்த நிமிடம் ஓடிக்கொண்டிருந்தால் எரிகிற புள்ளி. பகலில் தூங்குகிற நைட் டியூட்டி வாட்ச்மேன் ஒருவர் உண்டு, அவராக இருக்கும் என்று நினைத்துத் தொட்டாள்.

நாற்பத்தொன்று.

கோடு அவள் கண்ணெதிரே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஏழு. ஒன்று. ஏழு.

கழுவுகிற அறை எட்டடி தூரத்தில்தான் இருந்தது. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே விளக்குப் போடவில்லை. உயரத்திலிருந்த சின்ன ஜன்னலிலிருந்து மட்டும் சாம்பல் வெளிச்சம் வந்து, தட்டுகளில் வரிசையாக இருந்த வெள்ளை மெஷின்கள்மேல் படிந்திருந்தது. சோப்பு வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது, தூங்கி எழுந்தவரின் தலையணையில் இருக்கும் வாசனை, எண்ணெயும் உமிழ்நீரும் கலந்து கொஞ்சம் புளித்தது. தொட்டிமேல் தண்ணீர்க் குழாய் சொட்டியது. டயர் கடைச் சுத்தியல் நின்றது. அப்போதுதான் கேட்டது. மெஷின் சத்தமில்லை. மெஷின் ஓடினால் ஒரு ரீங்காரம் இருக்கும். இது அதில்லை.

மூச்சுச் சத்தம்.

ஒயர் சுருட்டியபடியே இருந்தது. ரப்பர் பேண்ட் அப்படியே இருந்தது. கொக்கியில் தொங்கிய முகமூடியின் உட்புறம் வெண்மையாகப் பனித்தது. தெளிந்தது. மறுபடி பனித்தது.

அவள் கையை நீட்டினாள். ஏன் நீட்டினாள் என்று பின்னால் எத்தனையோ தடவை தன்னையே கேட்டுக்கொண்டாள். உள்ளங்கையை முகமூடியின் திறந்த பக்கத்தில் வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. காற்று வந்தது. பிறகு நின்றது. பிறகு, ரப்பர் விளிம்பு மெதுவாக அவள் தோலைப் பற்றிக்கொண்டு, உள்ளே இழுத்தது.

அவள் கத்தியது டயர் கடை வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள். டாக்டர் ஓடிவந்தபோது முகமூடி காய்ந்துபோய்த் தொங்கிக்கொண்டிருந்தது. திரையில் புள்ளி இல்லை. அவளுடைய உள்ளங்கையில் மட்டும் வட்டமாக ஒரு சிவப்புத் தடம்.

டாக்டர் கெட்டவர் இல்லை. அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். கையைத் திருப்பிப் பார்த்து, "கதவுல இடிச்சிருக்கும்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ரிப்போர்ட்டம்மா, இதைப் பத்தி வெளியில மூச்சு விடாதீங்க. சின்னக் கம்பெனி. ஏழு குடும்பம் இதை நம்பி இருக்கு. செத்தவர் மெஷின்ல ஏதோ இருக்குன்னு ஒருத்தர் சொன்னாப் போதும், அத்தனை மெஷினும் திரும்பி வந்திடும்."

"அந்த ஒண்ணை மட்டும் யாருக்கும் குடுக்க வேணாம் டாக்டர்."

அவர் முன்னறையைக் காட்டினார்.

அங்கே ஒரு தையல்கார அம்மா உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும், கனத்த உடம்பு, கழுத்தில் அளவு டேப் கழற்றாமலே வந்திருந்தாள். வலது கை ஆட்காட்டி விரலில் பெரிய கட்டு. ராத்திரி தூக்கமே இல்லாமல், பகலில் தைத்துக்கொண்டிருக்கும்போதே கண் செருகி, ஊசி விரலில் ஏறி நகத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பதினைந்து நாளாக மெஷினுக்குக் காத்திருக்கிறாள். வேறு மெஷின் கையில் இல்லை; தட்டுகளில் இருந்த மற்றவையெல்லாம் பழுதானவை. உட்கார்ந்தபடியே தூங்கிவிழுந்தாள். குறட்டை எழுந்தது, நின்றது. பத்து எண்ணும் வரை ஒன்றுமே இல்லை. பிறகு தண்ணீருக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தவளைப்போல வாயைப் பிளந்து காற்றை விழுங்கிக்கொண்டு விழித்தாள். எல்லோரையும் பார்த்து வெட்கத்தோடு சிரித்தாள்.

"இவங்க இப்படியே இன்னும் பத்து நாள் இருந்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்," என்றார் டாக்டர்.

தெரியும். அதனால்தான் அந்தப் படிவத்தில், கழுவிச் சோதித்தாகிவிட்டது என்ற வரிக்குக் கீழே, அவள் கையெழுத்துப் போட்டாள்.

சனிக்கிழமை காலை நாற்பத்தொன்றிலிருந்து எண்கள் வந்தன. ஏழு மணி நேரம். நின்றது பூஜ்யம். கசிவு பூஜ்யம். நிமிடத்துக்கு முப்பத்தொரு மூச்சு.

தூங்குகிறவர் முப்பத்தொரு மூச்சு விட மாட்டார். ஓடுகிறவர் விடுவார். கோட்டைத் திறந்தாள். இரண்டு கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. பதினேழு மூச்சுள்ள ஒன்று, குண்டாக, சீராக. அதன் இடுக்குகளில் பதினான்கு மூச்சுள்ள இன்னொன்று. ஏழு, ஒன்று. ஏழு, ஒன்று. ஒரே முகமூடிக்குள் இரண்டு பேர்.

போன் போட்டாள்.

"நல்லா... தூங்கினேன்... மேடம்." தையல்கார அம்மா இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினாள். "வருஷக்கணக்காச்சு... இப்படித் தூங்கி. உங்களுக்குப்... புண்ணியமாப் போகும்."

என்ன சொல்வது? மெஷினைக் கழற்றிவிடுங்கள் என்றா? கழற்றினால் ராத்திரி மணிக்கு இருபது தடவை தொண்டை அடைக்கும். அவள், "கவனமா இருங்கம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

மூச்சு முப்பத்தொன்றிலேயே நின்றது. மாறியது மணி நேரம். திங்கள்கிழமை ஒன்பது மணி. செவ்வாய் பதிமூன்று. அந்த அம்மா ஆறு மணிக்கெல்லாம் எழுந்து வேலைக்கு உட்கார்ந்துவிடுகிறாள். "எழுந்ததும் அணைச்சுப் பீரோவில வச்சிடுறேன் மேடம்," என்றாள். ஆனால் பச்சைப் புள்ளி பத்து மணிக்கும் எரிந்தது. மதியம் எரிந்தது. புதன்கிழமை இருபது மணி நேரம்.

தும்மலண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நான் அதை மூணு தடவை கழுவினேம்மா," என்றார். "ஒவ்வொரு தடவையும் காலையில வந்து பார்த்தா உள்ள ஈரம். நான்தான் சரியாத் துடைக்கலன்னு நினைச்சேன். முப்பது வருஷமா மெஷின் தொடுறேன்... அப்படித்தானே நினைப்பேன்?"

வியாழக்கிழமை காலை இருபத்துநான்கு மணி நேரம் என்று வந்திருந்தது.

அவள் உடனே போன் போட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள் தையல்கார அம்மா.

"வணக்கம் மேடம் நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன் எவ்வளவு நல்லா இருக்கேன் தெரியுமா நேத்து ஒரே நாள்ல பன்னெண்டு ரவிக்கை தச்சேன் மாடிப்படி ஏறினேன் இறங்கினேன் ஒண்ணுமே தெரியல விரல்கூட வலிக்கல எங்க அக்கா பார்த்துட்டு நீயாடி இதுன்னு கேக்குறா பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாரும் இந்த மெஷின் எங்க கிடைக்கும்னு கேக்குறாங்க நான் உங்க நம்பரைத்தான் குடுத்திருக்கேன்..."

மூச்சு விடாமல் பேசுகிறாள் என்று சாதாரணமாகச் சொல்வோம். அவள் காதில் போனை வைத்தபடி அந்தச் சொல் தன் தலைக்குள் வந்து நின்றதை உணர்ந்தாள். ஒரு நிமிடம். ஒன்றரை நிமிடம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் ஓர் இடத்திலும் நிற்கவில்லை. ஓர் இடத்திலும் உள்ளே இழுக்கவில்லை. எதிரே திரையில், பீரோவுக்குள் மூடி வைத்த மெஷினில், பதினேழு மூச்சு குண்டாக, சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா," என்றாள். "ஒரு நிமிஷம்மா. நீங்க... மெஷின் இப்ப எங்க இருக்கு?"

"உள்ள இருக்கு மேடம் இருங்க துணி வாங்க யாரோ வந்திருக்காங்க பொண்ணுகிட்ட குடுக்கிறேன்."

போன் கைமாறியது. ஒரு சின்னப் பெண்ணின் குரல். ஏழெட்டு வயது இருக்கலாம்.

"ஹலோ?"

"பாப்பா, நான் மெஷின் ஆபீஸ்ல இருந்து பேசுறேன். அம்மா எப்படி இருக்காங்க?"

"தச்சிட்டிருக்காங்க." கொஞ்சம் யோசித்தாள். "தூங்கிட்டும் இருக்காங்க."

"எங்க தூங்குறாங்க?"

"முகமூடியில." ரகசியம் சொல்வதுபோலக் குரலைத் தணித்துக்கொண்டாள். "நான் பீரோவில இருந்து எடுத்துக் காதுல வச்சுக் கேப்பேன். அம்மா தூங்குற சத்தம் கேக்கும். கூட ஒரு தாத்தாவும் தூங்குவார்."

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"பாப்பா, சொல்றதைக் கேளு. அதை மூஞ்சில மட்டும் மாட்டாத. சரியா? தொடவே தொடாத. அக்கா இதோ வந்து எடுத்துட்டுப் போயிடறேன். பாப்பா? கேக்குதா?"

மறுமுனையில் பீரோக் கதவு கிறீச்சிடும் சத்தம். ஏதோ ரப்பர் இழுபடும் சத்தம்.

திரையில் முப்பத்தொன்று.

முப்பத்தொன்று.

ஐம்பத்து மூன்று.

தும்மலண்ணனின் ஸ்கூட்டரில் அந்த வீடு பதினெட்டு நிமிடம். டாக்டரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் போனைப் பார்த்தாள். ஆபீஸ் எண்கள் அதிலும் தெரியும். ஐம்பத்து மூன்று. இரண்டு கோடுகளுக்கு மேலே மூன்றாவதாக ஒன்று, மெல்லிசாக, வேகமாக. குழந்தைகள் வேகமாகத்தான் மூச்சு விடுவார்கள். நிமிடத்துக்கு இருபத்திரண்டு. அண்ணன் வழியெல்லாம் ஒரு தடவைகூடத் தும்மவில்லை.

தையல்கார அம்மா கதவைத் திறந்தாள். முகம் மினுமினுவென்று இருந்தது. பத்து வயது குறைந்தவளைப்போல இருந்தாள்.

"வாங்க மேடம் வாங்க உக்காருங்க சொல்லியிருந்தா ஏதாவது பண்ணி வச்சிருப்பேனே இந்த நாற்காலியில உக்காருங்க துணியெல்லாம் தள்ளிடுறேன்..."

பேசிக்கொண்டே போய், தன் ரவிக்கையின் மேல் பித்தானைப் பார்ப்பதற்காக அளவு பார்க்கும் கண்ணாடியின்மேல் குனிந்தாள். உதடு கண்ணாடியைத் தொடுகிற தூரம். பேச்சு நிற்கவில்லை. கண்ணாடி பனிக்கவில்லை. கழுத்திலிருந்து மார்பின்மேல் விழுந்திருந்த அளவு டேப்பின் இரண்டு நுனிகளும் சுவரில் மாட்டிய படத்தைப்போல அசையாமல் கிடந்தன.

தும்மலண்ணன் ரிப்போர்ட்டக்காவின் முழங்கையைப் பிடித்தார்.

"பாப்பா எங்கம்மா?" என்று அவள் கேட்டாள்.

"உள்ள இருக்கா மேடம் விளையாடிட்டிருக்கா போய்ப் பாருங்க."

உள்ளறை. ஜன்னல் மூடியிருந்தது. தலையணை வாசனை. எண்ணெய், உமிழ்நீர், புளிப்பு. கட்டிலின் ஓரத்தில் பச்சைச் சட்டை போட்ட சின்னப் பெண் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் முகமூடி இல்லை. மடியில் இருந்தது, அதன் குழாய் பக்கத்தில் எடுத்து வைத்திருந்த மெஷினுக்குப் போயிற்று. மூக்கைச் சுற்றி வட்டமாக ஒரு சிவப்புத் தடம்.

"மாட்டினியாடா?"

"கொஞ்ச நேரம்தான் அக்கா அப்புறம் கழட்டிட்டேன் நீங்க திட்டுவீங்கன்னு கழட்டிட்டேன் ஆனா உள்ள நல்லா இருந்துச்சு அம்மா பக்கத்துல படுத்த மாதிரி இருந்துச்சு தாத்தா கணக்கு சொல்லிக்குடுக்குறேன்னாரு ஏழு வரைக்கும் எண்ணு ஏழு வரைக்கும் எண்ணுன்னு..."

அவள் மண்டியிட்டு உட்கார்ந்தாள். சட்டையின் முதல் பித்தானையே பார்த்தாள். எண்ணினாள். பத்து. இருபது. முப்பது. அந்தப் பித்தான் ஏறவில்லை. இறங்கவில்லை. குழந்தை பேசிக்கொண்டே இருந்தது.

முகமூடியை அதன் மடியிலிருந்து எடுத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே பனித்தது. தெளிந்தது. பனித்தது. இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டாள். குண்டாக ஒரு மூச்சு. நீளமாக உதறலோடு ஒன்று. இரண்டுக்கும் நடுவில் மிகச் சின்னதாக, அவசர அவசரமாக, மூன்றாவது.

"அணைச்சிடட்டுமா?" தும்மலண்ணனின் விரல் மெஷினின் ஸ்விட்ச்மேல் இருந்தது. "சொல்லும்மா. அணைச்சிடட்டுமா?"

"அணைச்சிடுங்களேன்," என்றாள் தையல்கார அம்மா வாசலில் வந்து நின்று, சிரித்தபடி. "எடுத்துட்டே போயிடுங்க மேடம் எங்களுக்கு இனிமே அது தேவையே இல்ல."

"அண்ணே, கையை எடுங்க," என்றாள் அவள். "அதைத் தொடாதீங்க. யாரும் தொடாதீங்க."

அண்ணன் கையை எடுத்தார். தையல்கார அம்மா குழந்தையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குழந்தை அவள் தோளில் சாய்ந்துகொண்டது. ரிப்போர்ட்டக்காவின் கைகளில் அந்த முகமூடி மூன்று விதமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்க, தாயும் மகளும் சேர்ந்தாற்போல அவளை நிமிர்ந்து பார்த்து, நெஞ்சு அசையாமல், அவள் அடுத்து என்ன செய்யப்போகிறாள் என்று புன்னகையோடு காத்திருந்தார்கள்.